அறை தயார், அப்புறம் என்ன?

கேள்வி: இதய அறுவை சிகிச்சைக்காக வெளிநாட்டிலிருந்து வரும் 4 வயதுப் பையனும் அவன் அம்மாவும் 6 வாரம் எங்கள் வீட்டில் தங்கப்போகிறார்கள். ஒரு தொண்டு நிறுவனம் மூலமாக ஏற்பாடு. அவர்கள் மொழி எங்களுக்குத் தெரியாது. பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டில் உண்டு. அறையைத் தயார் செய்துவிட்டோம், வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: அறையை விட முக்கியம் உங்கள் பிள்ளைகளின் மூக்கு. சிரிக்காதீர்கள். ஆபரேஷனுக்கு முன்னால் பையனுக்குச் சளியோ காய்ச்சலோ வந்தால் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து என்று தேதியைத் தள்ளிவைப்பார்கள், பல நேரம் சில வாரங்களுக்கு, அதோடு விசா, விமான டிக்கெட், அந்த அம்மா ஊரில் யாரிடமோ விட்டுவிட்டு வந்த மற்ற பிள்ளைகளின் நிலைமை எல்லாமே குழம்பும். அதனால் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தடுப்பூசிகள் முழுமையாக இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள், ஃப்ளூ ஊசியும் சேர்த்து. சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு 1-2 நாள் முன்பே தொற்ற ஆரம்பித்துவிடும். பிள்ளைகளின் வகுப்பில் யாருக்காவது வந்திருப்பதாகத் தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு, பையனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கவே கூடாது. நெஞ்செலும்பைப் பிளந்து செய்திருந்தால் அந்த எலும்பு ஒட்டிச் சேர 6 முதல் 8 வாரம் ஆகும். ஒரு கை முதுகுக்கு, ஒரு கை பின்புறத்துக்கு அடியில், அப்படியே ஏந்தி எடுக்க வேண்டும். பாசத்தில் ஓடிவந்து தூக்குவது உங்கள் பிள்ளைகள்தான், அவர்களுக்கு முதலிலேயே சொல்லி வையுங்கள். காய்ச்சல், தையலில் சிவப்பு அல்லது கசிவு, சாப்பிட மறுப்பது, மூச்சு வாங்குவது, எதுவானாலும் மருத்துவமனைக்குப் போன்தான். வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரை வேண்டாம்.

மொழிக்கு வருவோம். "பசிக்குதா, குளிருதா" என்பதற்கெல்லாம் போன் செயலி போதும். மருந்து அளவுக்குப் போதாது. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள், டிஸ்சார்ஜ் அன்றைக்குக் கட்டாயம் கேளுங்கள். ஸ்பூன் கணக்கு வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் எந்தக் கோடு வரைக்கும் என்று நர்ஸையே பேனாவால் குறித்துத் தரச் சொல்லிவிட்டால் அந்த அம்மா யாரையும் கேட்காமல் தானே கொடுத்துக்கொள்வார்.

அவரை விருந்தாளியாக நடத்தி அலுக்கவைக்காதீர்கள். அடுப்பை அவர் கையில் விடுங்கள். நாள் முழுக்க நன்றி சொல்லிக்கொண்டே இருப்பதும் ஒரு களைப்புதான், கதவைச் சாத்திக்கொண்டு அழக்கூட நேரம் வேண்டும். பையனின் படத்தை எங்கேயும் போடாதீர்கள், அவர் சரி என்றாலும். உங்கள் வீட்டில் இருக்கும்போது முடியாது என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

பணம், விசா, டிக்கெட் எல்லாம் அந்த நிறுவனத்தின் வேலை, அதில் தலையிடாதீர்கள். இன்னொன்று, 6 வாரம் என்பது 10 வாரம் ஆகலாம். உங்களால் எதுவரை முடியும் என்று அவர்கள் வருவதற்கு முன்பே நிறுவனத்திடம் சொல்லிவிடுங்கள், வேறு வீடு பார்க்க அவர்களுக்கும் நேரம் வேண்டும்.