கால்பந்து வீரர்களுக்குச் சம்பளம் ரொம்ப அதிகமா? இளம் திறமைகள் ஒதுக்கப்படுவது அதனால்தானா?

கேள்வியில் இரண்டு குற்றச்சாட்டுகள் சேர்ந்தே வருகின்றன. நட்சத்திர வீரர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள் என்பது ஒன்று. அதனால்தான் திறமையுள்ள பையன்கள் ஓரங்கட்டப்படுகிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவதை நான் அவ்வளவாக ஏற்பதில்லை. இரண்டாவது நடக்கத்தான் செய்கிறது, ஆனால் அதற்குக் காரணம் சம்பளம் இல்லை. இங்கிலாந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீகை வைத்தே பேசுகிறேன், ராத்திரி கண்விழித்துப் பார்ப்பது அதைத்தான். நான் அதில் ஆடும் செல்சி கிளப்பின் ரசிகன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். உதாரணங்கள் ஏன் அந்தப் பக்கமே போகின்றன என்று பிறகு யாரும் கேட்க வேண்டாம்.

முதலில் சம்பளம். இங்கிலாந்தில் வீரர்களின் சம்பளத்துக்கு 60 வருடம் உச்சவரம்பு இருந்தது. 1901-ல் வாரத்துக்கு 4 பவுண்டு என்று ஆரம்பித்தார்கள். 1961 ஜனவரியில் அந்த விதியை எடுத்தபோது வரம்பு வெறும் 20 பவுண்டு. பணம் இல்லாமல் போட்ட வரம்பு இல்லை அது. 1948-49 சீசனில் மட்டும் லீக் ஆட்டங்களுக்கு 4 கோடிக்கும் மேல் டிக்கெட் விற்றது. வசூல் கொட்டியது, ஆடியவன் கைக்கு மட்டும் வரவில்லை. வீரர்கள் சங்கத் தலைவர் ஜிம்மி ஹில் வேலைநிறுத்தம் வரை கொண்டுபோன பிறகுதான் கிளப்புகள் இறங்கி வந்தன. உடனே ஃபுல்ஹாம் கிளப் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் 100 பவுண்டு கொடுத்தது. அதாவது ஐந்து மடங்கு கொடுக்க அவர்களிடம் முன்பே வசதி இருந்தது, கொடுக்கத் தேவையில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

இன்னும் மோசமான ஒன்றும் இருந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் வீரனை வேறு கிளப்புக்குப் போகவிடாமல் பிடித்து வைக்கலாம். ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் நியூகாசில் கிளப்பை எதிர்த்து நீதிமன்றம் போய் 1963-ல் ஜெயித்தார். அதன் பிறகும் ஒப்பந்தம் முடிந்தவனுக்குக்கூட, அவனை எடுக்கும் கிளப்பிடம் டிரான்ஸ்ஃபர் தொகை கேட்கும் வழக்கம், 1995-ல் போஸ்மன் என்ற வீரரின் வழக்கில் தீர்ப்பு வரும் வரை ஓயவில்லை. இந்தக் கதையெல்லாம் தெரிந்த பிறகு, இன்றைய வீரன் வாரம் 3 லட்சம் பவுண்டு வாங்குகிறான் என்று கேட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. 2016 முதல் 2019 வரையிலான மூன்று சீசன்களை பிரிட்டனுக்குள் மட்டும் ஒளிபரப்பும் உரிமையே சுமார் 514 கோடி பவுண்டுக்குப் போனது. வெளிநாட்டு உரிமைத் தொகை தனி. நாம் கட்டும் சந்தாவும் அதில்தான் சேர்கிறது. நாம் பார்ப்பது வீரனின் ஆட்டத்தை, முதலாளியின் முகத்தை இல்லை.

'ஒரு நர்ஸ் வாங்கும் சம்பளம் என்ன, இவன் வாங்குவது என்ன' என்று அடுத்து கேட்பார்கள். நர்ஸுக்குக் குறைவாகக் கொடுப்பது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் மான்செஸ்டர் சிட்டி வீரர் ஹாலண்டின் சம்பளத்தைப் பாதியாக்கினால் மிச்சப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகாது, அந்தக் கிளப்பின் முதலாளி இருக்கும் அபுதாபிக்குத்தான் போகும். இப்போதாவது அவர் வாங்குவதில் கிட்டத்தட்ட பாதியை பிரிட்டன் வரியாக எடுத்துக்கொள்கிறது.

பணம் எங்கே தேங்குகிறது என்று கேட்டால் அது நியாயமான கோபம். 1894 முதல் லீகில் ஆடிவந்த பரி கிளப், கடனைச் சமாளிக்க முடியாமல் 2019 ஆகஸ்டில் லீகிலிருந்தே வெளியேற்றப்பட்டது. அந்த ஊரிலிருந்து, இரண்டு பணக்கார கிளப்புகள் இருக்கும் மான்செஸ்டர் போக அரை மணி நேரம்கூட ஆகாது.

சரி, இளம் வீரர்கள். இவர்களுக்கு வாய்ப்பு எப்போது கிடைக்கிறது என்று பாருங்கள், விஷயம் தெளிவாகிவிடும். கிளப்பால் வெளியிலிருந்து ஆளை வாங்க முடியாமல் போகும்போதுதான் கிடைக்கிறது.

18 வயதுக்குட்பட்ட வெளிநாட்டுப் பையன்களை விதிமீறிப் பதிவு செய்ததற்காக 2019-ல் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா செல்சிக்கு, புது வீரர்களை வாங்கக் கூடாது என்று டிரான்ஸ்ஃபர் தடை போட்டது. அதற்கு முன், பையன்களைச் சிறு வயதிலிருந்து வளர்க்கும் செல்சி அகாடமி எப்படி இருந்தது என்றால், இளைஞர் கோப்பைகளை வரிசையாக ஜெயிப்பார்கள், அப்புறம் அந்தப் பையன்கள் நெதர்லாந்துக்கும் இரண்டாம் டிவிஷனுக்கும் லோனில் (தற்காலிகமாக வேறு கிளப்புக்கு) போய்க் காணாமல் போவார்கள். தடை வந்தது. நட்சத்திர வீரர் ஹசார்டும் ரியல் மாட்ரிட் போய்விட்டார். புது மேனேஜர் லாம்பார்டுக்கு வேறு வழியே இல்லை. மேசன் மவுண்ட், டேமி ஏப்ரஹாம், ரீஸ் ஜேம்ஸ், டொமோரி எல்லாரும் ஒரே சீசனில் முதல் அணிக்குள் வந்தார்கள். ஏப்ரஹாம் லீகில் 15 கோல் அடித்தார், அணி நான்காவதாக வந்தது. 2021 மே மாதம் போர்ட்டோவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் ஹாவர்ட்ஸ் அடித்த ஒரே கோலுக்கு, எதிரணித் தடுப்பைப் பிளந்து பந்தைக் கொடுத்தவர் மவுண்ட். அந்தப் பாஸை எத்தனை தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். யோசித்தால் கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. தடை மட்டும் இல்லாவிட்டால் அவரும் இன்னொரு வருடம் எங்காவது லோனில் இருந்திருப்பார்.

பார்சிலோனாவிலும் இதேதான். அங்கே சம்பளம் கிளப்பையே கவிழ்த்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். நான்கு வருடத்துக்கு மெஸ்ஸியின் ஒப்பந்தம் மொத்தம் 55 கோடி யூரோவைத் தாண்டும் என்று 2021-ல் வெளியான தகவலைப் படித்தபோது எனக்கே தலை சுற்றியது. அதே ஆண்டு ஆகஸ்டில், ஸ்பெயின் லீகான லா லிகாவின் சம்பள வரம்புக்குள் அடக்க முடியாமல் அவரையே விட்டுவிட்டார்கள். அதன் பிறகு யார் வந்தார்கள்? 17 வயதில் காவி, 16 வயதில் குபார்சி, 15 வயதில் லமின் யமால். கையில் பணம் இருந்தால் அந்த இடத்துக்கு யாராவது 25 வயது பிரேசில்காரரை வாங்கியிருப்பார்கள். மான்செஸ்டர் யுனைட்டெட்டில் ரஷ்ஃபோர்டின் கதை இன்னும் வேடிக்கை. 2016 பிப்ரவரியில் ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றும்போது மார்சியாலுக்கு அடிபட்டதால் ரஷ்ஃபோர்டை இறக்கினார்கள். அன்று இரண்டு கோல், மூன்று நாள் கழித்து ஆர்சனலுக்கு எதிராக இன்னும் இரண்டு. அவர் ஒரே ராத்திரியில் கற்றுக்கொண்டு வந்ததா அது?

மேனேஜர்களைத் திட்டிப் பயனில்லை. நான்கு ஆட்டம் தோற்றால் வேலை போகும். 18 வயதுப் பையன் தப்புச் செய்து செய்துதான் தேறுவான், அந்தத் தப்புக்கான விலையை மேனேஜர் கொடுக்க வேண்டும். பையன் தேறி வரும்போது அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருப்பார். பையன்களை நம்பி அணியைக் கட்டிய லாம்பார்டையே 18 மாதத்தில் அனுப்பிவிட்டார்களே.

விதி இருக்கிறதே என்பீர்கள். 25 பேர் பட்டியலில் உள்நாட்டில் வளராதவர்கள் 17 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. ஆனால் 21 வயதுக்குள் மூன்று வருடம் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கிளப்பில் இருந்தால் எந்த நாட்டுக்காரரும் 'உள்நாட்டில் வளர்ந்தவர்'. 16 வயதில் ஸ்பெயினிலிருந்து வந்த ஃபாப்ரிகாஸ் அந்தக் கணக்கில்தான் வருவார். மேலும் இது பட்டியலுக்கான விதி, களத்தில் இறக்கும் பதினொருவருக்கு இல்லை. ஐபிஎல்லில் களத்தில் நான்கு வெளிநாட்டவர்தான் என்று வைத்திருக்கிறார்கள் இல்லையா, மீதி இடங்களுக்கு இந்திய வீரர்களைத் தேடியே ஆக வேண்டும். அந்த அளவு அழுத்தம் இங்கே கிடையாது.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது கணக்குப் புத்தகம். ஒரு வீரரை 6 கோடி பவுண்டுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினால், வருடத்துக்கு 1.2 கோடி என்று பிரித்துச் செலவு எழுதலாம். விற்கும்போது இன்னும் கழியாத தொகையைக் கழித்தால்தான் லாபம் தெரியும். அகாடமியில் வளர்ந்தவனுக்கு வாங்கிய விலையே இல்லை, அதனால் விற்கும் தொகை முழுக்க அந்த வருட லாபம். மூன்று வருடத்தில் ஒரு வரம்புக்கு மேல் (மூன்று வருடமும் பிரீமியர் லீகில் இருந்த கிளப்புக்கு 10.5 கோடி பவுண்டு) நஷ்டம் காட்டக்கூடாது என்றிருந்த விதி 2023-24 சீசனில் எவர்டன், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் இரண்டுக்கும் புள்ளிகளைக் குறைத்தது. அதைப் பார்த்த மற்ற கிளப்புகள் என்ன செய்யும்? வீட்டுப் பிள்ளையை விற்றுக் கணக்கை நேராக்கும். மவுண்ட் 2023-ல் சுமார் 5.5 கோடிக்கு மான்செஸ்டர் யுனைட்டெட் போனார். அடுத்த வருடம் கேலகர் அட்லெடிகோ போனார். சிறு வயதிலிருந்து செல்சியின் நீலச் சட்டையில் வளர்ந்தவர்கள் இவர்கள். கிளப்பை ஒழுங்காக நடத்த வைக்க வந்த விதி, சொந்தப் பையனை வைத்திருப்பதைவிட விற்பதை லாபமாக்கிவிட்டது.

கீழ் மட்டத்தில் வேறு விதமான புறக்கணிப்பு. எட்டு வயதில் ஆர்சனல் வெளியே அனுப்பிய, பின்னாளில் இங்கிலாந்து கேப்டனான ஹாரி கேன் ஜூலையில் பிறந்தவர். இங்கிலாந்தில் வயதுப் பிரிவு செப்டம்பர் 1-ல் ஆரம்பிக்கிறது, அதனால் அவர் பிரிவில் கிட்டத்தட்ட ஒரு வயது மூத்தவர்களோடு மோத வேண்டியிருந்திருக்கும். எட்டு வயதில் பத்து மாத வித்தியாசம் என்பது பெரிய விஷயம். பயிற்சியாளர் கண்ணுக்கு உயரமும் வேகமும்தான் திறமையாகத் தெரிகிறது. ஜேமி வார்டியை ஷெஃபீல்ட் வெட்னஸ்டே 16 வயதில் விட்டது. தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே வாரம் 30 பவுண்டுக்கு ஸ்டாக்ஸ்பிரிட்ஜில் ஆடியவர் 2012-ல் 10 லட்சம் பவுண்டுக்கு லெஸ்டர் வந்து, நான்கு வருடத்தில் பிரீமியர் லீக் கோப்பையைத் தூக்கினார். இந்தக் கதையைச் சொல்லி 'திறமை இருந்தால் எப்படியும் வெளியே வரும்' என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. வராதவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பையனைக் கண்டுபிடித்து வளர்க்கும் சின்னக் கிளப்புக்கும் பெரிய பலன் இல்லை. 2012-க்குப் பிறகு அகாடமிப் பையன்களைப் பெரிய கிளப்புகள் ஒரு நிர்ணயித்த இழப்பீட்டுத் தொகைக்குக் கொத்திக்கொண்டு போக முடிகிறது. வெறுத்துப்போன பிரென்ட்ஃபோர்ட் 2016-ல் அகாடமியையே மூடியது. பெரிய கிளப்புகள் கழித்துவிட்டவர்களைப் பொறுக்கி எடுத்து ஒரு பி டீம் வைத்தது. பிரீமியர் லீகுக்கு வந்த பிறகுதான், 2022-ல், அகாடமியைத் திரும்பத் திறந்தார்கள்.

என்னைக் கேட்டால் சம்பளத்தில் கை வைக்க வேண்டாம். அகாடமிப் பையனை விற்று வரும் பணத்தையும் ஐந்து வருடத்துக்குப் பிரித்துத்தான் லாபம் காட்ட வேண்டும் என்று சொல்லட்டும். சின்னக் கிளப்பிடமிருந்து 14 வயதுப் பையனை எடுத்துப் போனால், பிற்காலத்தில் அவன் விலைபோகும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கிளப்புக்கு ஒரு பங்கு போகட்டும். வெளிநாட்டு டிரான்ஸ்ஃபர்களில் வளர்த்த கிளப்புகளுக்கு 5 சதவீதம் போக வேண்டும் என்று ஃபிஃபா விதியே இருக்கிறது. இங்கிலாந்துக்குள் நடக்கும் விற்பனைக்கும் அதைப் போட்டால் ஒரு ஹாலண்டின் சம்பளமும் குறையப்போவதில்லை.