தேரி மணலில் நிழல் எடுப்பது எப்படி?

வள்ளியூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, டிசம்பரில் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் போகிறேன். அங்கே மணல்மேடுகளை வெறும் கோடும் வளைவுமாக, என்னவென்று சட்டெனப் பிடிபடாத அரூபப் படங்களாக எடுக்க ஆசை. பழகிப் பார்க்கலாம் என்று புரட்டாசியில் உடன்குடிப் பக்கம் தேரிச் செம்மணல் மேட்டுக்குப் போனேன். காலை 9 மணியிலிருந்து 11 மணி வரை 200 படம் எடுத்திருப்பேன். எல்லாமே செம்மண் தரையை எடுத்த மாதிரி தட்டையாக இருக்கிறது. லென்ஸ் சரியில்லையா? ஜெய்சல்மேரிலும் இப்படித்தான் வருமா?"

லென்ஸ் மேல் ஒரு தப்பும் இல்லை, தம்பி. நீங்கள் போன நேரம்தான் தப்பு. அதை விளக்க மணலின் குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும். காய்ந்த மணலை எப்படிக் குவித்தாலும் சுமார் 34 பாகை (டிகிரி) சரிவுக்கு மேல் நிற்காது, சரிந்துவிடும். தேரியானாலும் தார் பாலைவனமானாலும், காற்றுக்கு முதுகு காட்டும் செங்குத்தான பக்கத்தின் சரிவு 32, 34 பாகைதான். காற்றை எதிர்கொள்ளும் பக்கத்தின் சரிவு இன்னும் குறைவு. அப்படியானால் சூரியன் அடிவானத்திலிருந்து 34 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் என்ன ஆகும்? மேட்டின் எந்தப் பக்கமும் வெயில் படாமல் மிச்சம் இருக்காது. மணல் தன்மேல் தானே நிழல் போட வழியே இல்லை. புரட்டாசியில் காலை 9 மணிக்கு நம்மூர்ச் சூரியன் 40 பாகையைத் தாண்டியிருக்கும். நீங்கள் கேமராவைத் திறக்கும்போதே நிழல் எல்லாம் போய்விட்டது.

தேரியில் இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பனை மூட்டிலும் உடை மரத்தடியிலும் குழியானைப் பூச்சி தோண்டிய குழிகளைப் பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் அதைத் தோண்டி எடுத்து உள்ளங்கையில் ஊரவிடாத பிள்ளை நம் பக்கம் யார்? அந்தப் புனல் மாதிரியான குழியின் சுவரும் மணல் சரியாமல் நிற்கும் அதே சாய்வில்தான் இருக்கிறது. எறும்பு கால் வைத்தால் மண்ணோடு சரிந்து அடியில் விழ வேண்டும் அல்லவா, அதற்காக. விடிந்து சற்று நேரத்தில் வெயில் விழுகிற ஒரு குழி அருகே குப்புறப் படுத்துப் பாருங்கள். முதலில் குழி முழுக்க இருட்டு. அப்புறம் மேல் விளிம்பில் நூல் மாதிரி வெளிச்சம் வரும், நிழல் மெல்லச் சுருங்கிப் பிறையாகும், பிறை தேய்ந்துகொண்டே வரும். நான் ஒரு காலையில் ஒரே குழியை 40 நிமிடம் எடுத்தேன். விரல்கடை அகலக் குழிதான், படத்தில் நிலவின் பள்ளம் மாதிரி நிற்கிறது. அந்தப் பிறை காணாமல் போனால் உங்கள் வேலையும் முடிந்தது, கேமராவைப் பைக்குள் வைத்துவிடலாம். இதைவிட நல்ல கடிகாரம் தேரியில் எனக்குக் கிடைத்ததில்லை.

பெரிய மேட்டின் நிழலுக்கு 34 பாகை வரை நேரம் இருக்கிறது. ஆனால் காற்று போடும் சின்ன வரிகளுக்கு அவ்வளவு கிடையாது. நான் ஸ்கேல் வைத்து அளந்த வரிகள் அரை சென்டிமீட்டர் உயரம், ஒன்றுக்கொன்று 8 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளி. சூரியன் 5 பாகையில் இருந்தால் அரை சென்டிமீட்டர் மேட்டுக்கு ஐந்தரை சென்டிமீட்டருக்கு மேல் நிழல் விழும். பாதிக்குப் பாதி கறுப்பு, பாதி வெளிச்சம். 10 பாகையில் அது 3 சென்டிமீட்டருக்கும் குறைவு. கையை நேராக நீட்டி முஷ்டி மடக்கி அடிவானத்தில் வைத்தால் ஒரு முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. சூரியன் உதித்து முக்கால் மணி நேரத்துக்குள் அந்த ஒரு முஷ்டியைத் தாண்டிவிடும். வரிகளை எடுக்க உங்களுக்குக் கிடைப்பது அவ்வளவுதான், சாயங்காலம் இன்னொரு முக்கால் மணி நேரம்.

ஜெய்சல்மேர் விஷயத்தில் நல்ல சேதி இருக்கிறது. டிசம்பர் கடைசியில் அங்கே உச்சிவேளையிலேயே சூரியன் 40 பாகையை ஒட்டித்தான் நிற்கும். நடுப்பகலில் சுமார் மூன்றரை மணி நேரம் போக, மற்ற நேரமெல்லாம் செங்குத்தான சரிவுகளில் எங்காவது நிழல் கிடைக்கும். நம்மூரில் சித்திரை பிறக்கும்போது உச்சிவெயிலில் நம் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். அந்த வெயிலில் மணலைப் படம் எடுக்கப் போவது வீண் அலைச்சல்.

சரி, நேரம் சரியாக அமைந்துவிட்டது. அடுத்து எங்கே நிற்பது? சூரியன் முதுகில் இருந்தால் நிழல்கள் மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். சூரியன் உங்கள் தோளுக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் முன்னே இருக்கட்டும். 70-200 மாதிரி நீளமான லென்ஸ் போதும், போனில் எடுப்பவர் மூன்று மடங்கு ஜூமை வைத்துக்கொள்ளலாம். அகல லென்ஸ் வானத்தையும் பனையையும் அள்ளிக்கொண்டு வந்துவிடும். பனையைப் பார்த்த உடனே கண் அதை வைத்து மேட்டின் உயரத்தைக் கணக்குப் போட்டுவிடும், அரூபம் அங்கேயே போயிற்று. வானம், செடி, ஒட்டகம், கால்தடம் எதுவும் உள்ளே வேண்டாம். எவ்வளவு பெரியது என்று சொல்லித்தர ஆளில்லாதபோதுதான் ஒரு மணல் வளைவு தோளாகவும் துணி மடிப்பாகவும் தெரிய ஆரம்பிக்கும்.

நான் படத்துக்குச் சட்டம் (ஃபிரேம்) கட்டும்போது மணலைப் பார்ப்பதே இல்லை. கறுப்பு எந்த வடிவத்தில் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பேன். கண்ணைப் பாதி மூடினால் விவரமெல்லாம் மங்கி, இருட்டு ஒரு உருவமாகத் தனியே நிற்கும். அது அரிவாளா, இலையா, ஆற்று வளைவா? அந்த உருவம் சட்டத்தின் எந்த ஓரத்தில் நுழைகிறது, எந்த ஓரத்தில் வெளியேறுகிறது என்பதில்தான் படம் இருக்கிறது. மூலையில் போய் முட்டி நிற்கிற கோடு படத்தைக் கெடுத்துவிடும், ஒரு அடி நகர்ந்தாலே சரியாகும். எட்வர்ட் வெஸ்டன் 1936இல் கலிஃபோர்னியாவின் ஓசியானோ மணல்மேடுகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைத் தேடிப் பாருங்கள். இருட்டுக்கு அவர் எவ்வளவு இடம் விடுகிறார் என்று கவனியுங்கள்.

நிறத்தில் தேரி உங்களைச் சோதிக்கும். இந்தச் சிவப்பு, மணல் துகள்மேல் பூசினாற்போல் ஒட்டியிருக்கும் இரும்பு ஆக்சைடின் நிறம். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமனை) ஆட்டோவில் விட்டால் கேமரா இதைக் கோளாறு என்று நினைத்துச் சிவப்பைக் குறைத்துவிடும். டேலைட்டில், அதாவது 5500 கெல்வின் பக்கம், வைத்துப் பூட்டிவிடுங்கள். இன்னொன்று, சிவப்பு மட்டும் தனியாக வெடித்துவிடும். சாதாரண ஹிஸ்டோகிராம் (வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) ஒழுங்காக இருப்பது போலவே காட்டும், படத்தைப் பெரிதாக்கினால் வெயில் பட்ட பக்கம் ஒரு துகள்கூடத் தெரியாமல் சிவப்புச் சாந்தாக இருக்கும். மூன்று நிற ஹிஸ்டோகிராமை வைத்து, சிவப்பு வலது ஓரத்தைத் தொடாத அளவுக்கு எக்ஸ்போஷரைக் குறையுங்கள். நிழல் கறுத்துப் போகுமே என்று பயப்பட வேண்டாம், நமக்கு வேண்டியதே அதுதான். ரா ஃபைலில், ஐஎஸ்ஓ 100, எஃப் 8 அல்லது 11 போதும். ஜெய்சல்மேரின் வெளிர் மஞ்சள் மணல் இதற்கு நேர்மாறு. லைட் மீட்டர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், அங்கே எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் (இரு மடங்கு வெளிச்சம்) வரை கூட்ட வேண்டியிருக்கும்.

கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது தேரிப் படத்தில் சிவப்பு ஸ்லைடரை ஏற்றிப் பாருங்கள். வெயில் பட்ட மணல் வெள்ளையாகும். நிழலுக்கு வருவது வானத்தின் நீல வெளிச்சம், அதனால் நிழல் ஏறாமல் கறுப்பாகவே நிற்கும். இந்த வெட்டு வேறு எந்த மணலிலும் இவ்வளவு சுத்தமாக எனக்கு வந்ததில்லை.

எப்போது போகலாம்? ஆனியும் ஆடியும் தேரிக்கு நல்ல காலம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று அம்மியையே நகர்த்தும் என்பார்கள், முந்தின நாள் ஆட்டுத் தடத்தையா விட்டுவைக்கும்? காலையில் மணல் சலவை செய்த மாதிரி இருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு மேல்பரப்பு ஆடைகட்டி இறுகி, மழைத்துளிக் குழியும் நீர் அரித்த கோடுமாக இருக்கும். வரி இருக்காது, ஆனால் அதுவும் அரூபத்துக்கு நல்ல தீனி. தேரி முழுக்க வெட்டவெளி இல்லை என்பது உங்களுக்கே தெரியும், பனையும் கொல்லாவும் (முந்திரி) உடையும் போக எஞ்சிய திட்டுகள்தான் நமக்கு. முதல்நாள் சாயங்காலமே போய் இடம் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். குதிரைமொழித் தேரியில் காப்புக்காடு இருக்கிறது, வனத்துறையில் கேட்டுக்கொண்டு போவது மரியாதை.

ஜெய்சல்மேரில் பிரச்சினையே கால்தடம்தான். ஊரிலிருந்து 40 கிலோமீட்டரில் இருக்கும் சாம் மணல்மேடுகளில் ஒட்டகமும் ஜீப்பும் உழுது வைத்திருக்கும். குளிர்காலத்தில் காற்று குறைவு, தடம் சீக்கிரம் அழியாது. வண்டி நிற்கும் இடத்திலிருந்து தள்ளி நடந்தே போங்கள். போகும்போது உங்கள் தடமே உங்கள் படத்தில் விழாதபடி மேட்டைச் சுற்றிப் போங்கள், முகட்டில் ஏறிவிடாதீர்கள்.

மணலில் நின்று லென்ஸ் மாற்றவே கூடாது. கண்ணாடியில் தூசி விழுந்தால் துணியால் துடைக்காமல் ஊதுபந்தால் ஊதுங்கள், துடைத்தால் கீறல்தான் மிச்சம்.

டிசம்பருக்குள் தேரிக்கு இன்னொரு தடவை போக முடியாவிட்டால் வீட்டிலேயே பழகலாம். ஒரு சுளகில் (முறத்தில்) காய்ந்த மணலைப் பரப்பி, அகலப் பல் சீப்பால் வரி போட்டு, நடுவில் ஒரு கைப்பிடி மணலைத் தானாகச் சரியும்படி மெல்ல ஊற்றிச் சின்ன மேடாக்குங்கள். அறையை இருட்டாக்கி, நாலடி தள்ளி ஒருவரை டார்ச் பிடிக்கச் சொல்லுங்கள். முதலில் சுளகின் மட்டத்துக்குப் பிடித்து, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தட்டும். முதலில் சீப்பு வரிகள் மறையும், பிறகு மேட்டின் நிழல் பிறையாகிச் சுருங்கி, ஓர் இடத்தில் சட்டென்று இல்லாமல் போகும். அந்த உயரத்தில் டார்ச்சை நிறுத்தி, அங்கிருந்து கீழே இறக்கிக்கொண்டே படம் எடுங்கள்.