ரோட்ஸ்டருக்கு 18 இஞ்ச் லைட் வெயிட் வீல் போடலாமா? வீலில் 1 கிலோ குறைந்தால் காரில் 10 கிலோ குறைந்த மாதிரி என்கிறார்களே, உண்மையா?

18 வேண்டாம். மாற்றியே தீர வேண்டுமென்றால் இப்போதிருக்கும் 16 இஞ்சிலேயே எடை குறைந்ததாகப் பாருங்கள். அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு போய்விடலாம்.

கேள்வியைப் பார்த்தால் நீங்களும் என்னைப் போல ஜப்பானுக்கு வேலைக்கு வந்து, ஏதோ ஒரு போனஸில் செகண்ட் ஹேண்ட் மஸ்டா ரோட்ஸ்டர் வாங்கியவர் என்று தெரிகிறது. 1.5 லிட்டர், 16 இஞ்ச் வீல், 195/50 டயர். என்னுடையதும் அதுதான். "132 குதிரைசக்தியெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரா" என்று கேட்க வருபவர்கள் முதலில் ஒரு மலைப்பாதையில் அதை ஓட்டிவிட்டு வாருங்கள்.

என்னை எழுத வைத்தது அந்த 10 கிலோ கணக்கு. டயர் கடையிலும் சொல்கிறார்கள், ஆபீஸ் கேன்டீனிலும் சொல்கிறார்கள். சிலர் 15 என்கிறார்கள். ஏலம் போல ஏறிக்கொண்டே போகிறது. கணக்கு போட்டுப் பார்த்துவிடுவோம்.

வீல் முன்னால் நகரவும் வேண்டும், சுழலவும் வேண்டும். சுழல்வதற்கான செலவு, எடை மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நம் டயரின் வெளி ஆரம் சுமார் 30 செ.மீ. ரிம்மின் விளிம்பு 20 செ.மீ. பக்கம். ரிம்மின் உலோகம் மொத்தமும் அந்த விளிம்பிலேயே இருப்பதாக வைத்துக்கொண்டாலும், 20ஐ 30ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.44. அதாவது ரிம்மில் 1 கிலோ குறைந்தால், வேகம் எடுப்பதைப் பொறுத்தவரை காரில் 1.44 கிலோ குறைந்த மாதிரி. டயரின் தரை தொடும் பகுதி வெளி ஓரத்திலேயே இருப்பதால் அங்கே மட்டும் கிட்டத்தட்ட 2 கிலோ வரும். அதற்கு மேல் போக வழியே இல்லை. ரிம்மின் கிலோவைவிட டயரின் கிலோ கனமானது என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். டயரின் எடையைக் கேட்டு வாங்குகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அப்படியானால் எடை குறைந்த வீல் ஏமாற்று வேலையா? அப்படியும் இல்லை. மஸ்டாவே 2021 கடைசியில் 990எஸ் என்று ஒரு ரோட்ஸ்டரை அறிவித்தது. கார் 990 கிலோ. அதற்கு ரேய்ஸ் (RAYS) என்ற வீல் கம்பெனியின் ஃபோர்ஜ்ட் வீல் (உலோகத்தை அழுத்தி உருவாக்கியது), ஒன்றுக்குச் சுமார் 800 கிராம் குறைவு, நான்குக்கும் சேர்த்து 3.2 கிலோ. நம் கணக்குப்படி வேகம் எடுப்பதில் 4.6 கிலோ மிச்சம். ஓட்டுநரையும் சேர்த்தால் மொத்தத்தில் அரை சதவீதம்கூட இல்லை. ஸ்டாப்வாட்சில் தேடினாலும் கிடைக்காது. பிறகு ஏன் மெனக்கெட்டார்கள்? அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. மேடு வந்தால் வீல் மேலே எகிறும், அதைத் திரும்ப ரோட்டில் அழுத்துவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும். வீல் கனமாக இருந்தால் திரும்பி வரத் தாமதம். அந்த நேரத்தில் டயருக்குப் பிடிப்பு குறைவு. கார் எவ்வளவு லேசோ அவ்வளவுக்கு இது உறைக்கும். அதனால்தான் அந்தக் காரில் வீலை மட்டும் மாற்றிவிட்டுப் போகாமல் ஸ்பிரிங், ஷாக் எல்லாவற்றையும் புதிதாக ட்யூன் செய்தார்கள். முக்கியமாக, 16 இஞ்சை விட்டு ஏறவில்லை.

இனி என் கதை. என் கதைகூட இல்லை, எங்கள் ஆபீஸ் அண்ணன் ஒருவருடையது. மதுரைக்காரர், டொயோட்டாவின் ஸ்போர்ட்ஸ் காரான ஜிஆர்86 வைத்திருக்கிறார். கம்பெனியிலிருந்து வந்த 17 இஞ்ச் வீல் "அம்மா வீட்டுக் கார் மாதிரி" இருக்கிறதாம். 18 இஞ்ச், 9.5 இஞ்ச் அகலம், நடுவில் குழிந்த டிசைன், காஸ்ட் வீல் (உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்தது), அதற்கு 245 அகல டயர் என்று மாட்டிக்கொண்டு வந்தார். பார்க்க அட்டகாசம்தான், பொய் சொல்லவில்லை. ஒரே மாதத்தில் புலம்பல் ஆரம்பித்தது. டோக்கியோ உயர்மட்ட எக்ஸ்பிரஸ் சாலையின் ஒவ்வொரு இணைப்பிலும் கார் துள்ளுகிறது, ஹகோனே மலைப்பாதை இறக்கத்தில் ஸ்டீயரிங் மந்தம் என்று. ஷாக் போய்விட்டது என்று அவரே முடிவு செய்து, ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும் விலை உயர்ந்த காயில்ஓவர் செட்டுக்கு ஆர்டர் போடும் நிலைக்குப் போய்விட்டார்.

"அண்ணே, ஒரு நிமிஷம். பழைய வீல் வீட்ல இருக்கா?" என்று கேட்டேன். பால்கனியில் இருந்தது. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசு எல்லார் வீட்டிலும் இருக்குமே, அதை எடுத்துக்கொண்டு போனேன். கார் பார்க்கிங்கில் ஒரு வீலைக் கழற்றி, ஸ்போக்கில் கயிறு கட்டித் தூக்கினோம். டயரோடு சேர்த்துப் பழையதைவிட ஒவ்வொன்றும் 3 கிலோவுக்கு மேல் கூடுதல். அண்ணன் தராசு கெட்டுவிட்டது என்றார். அரிசி மூட்டையைத் தொங்கவிட்டுக் காட்டினேன். அன்று மாலையே பழைய நான்கையும் மாட்டி, அதே எக்ஸ்பிரஸ் சாலையில் ஒரு சுற்று போனோம். துள்ளல் இல்லை. ஷாக் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. காயில்ஓவருக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதிக்கு நல்ல 17 இஞ்ச் டயர் வாங்கினார். கார் இப்போது அருமையாகப் போகிறது.

ஒரு விஷயத்தை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. இன்று கேன்டீனில் "வீலை எப்போதும் எடை போட்டு வாங்கணும் தம்பி" என்று புதுப் பையன்களுக்கு வகுப்பு எடுப்பது அதே அண்ணன். தராசு யாருடையது என்று ஒருநாளும் வாயில் வராது. ஆபீஸிலும் இதே கதை. போன வருடம் நான் எழுதிய டெஸ்ட் ரிப்போர்ட் யார் பெயரில் ஜெனரல் மேனேஜரிடம் போனது என்று கேளுங்கள். சரி, அது வேறு விஷயம்.

உடனே ஒருவர் வருவார், "18 இஞ்ச்சிலேயே ஃபோர்ஜ்ட் வாங்கினால் லேசாக இருக்குமே" என்று. இருக்கும், காஸ்ட் 18ஐவிட. உங்கள் 16ஐவிட லேசாக இருக்குமா என்பதுதான் கேள்வி. ரேய்ஸின் பிரபலமான ஃபோர்ஜ்ட் வீலான டிஇ37இன் பெயரில் உள்ள 37 அதன் எடையான 3.7 கிலோவிலிருந்து வந்தது, 1996இல். அது 15 இஞ்ச், 6 இஞ்ச் அகல வீலின் எடை. அதே பெயரில் 18 வாங்கிவிட்டு 3.7ஐ எதிர்பார்க்கக் கூடாது. 18இல் டயரின் பக்கச்சுவரும் மெலிந்துவிடும், குழியில் விழுந்தால் அடி நேராக ரிம்முக்கு. இதெல்லாம் ரேஸ் டிராக்குக்குப் போகிறவர்களுக்குப் பொருந்தாது என்பீர்கள். பெரிய பிரேக் மாட்டி, அதன் காலிபர் (டிஸ்க்கைக் கவ்வும் பாகம்) வீலில் இடிக்கிறது என்பதற்காகப் பெரிய வீல் போடுகிறவர்களைச் சொல்லவில்லை. அழகுக்காகப் போடுவதும் தப்பில்லை, உங்கள் கார், உங்கள் காசு. பெர்ஃபாமன்ஸ் என்று மட்டும் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

லேசான வீல் வாங்குவதென்றால் ஜேடபிள்யூஎல் (JWL) என்ற ஜப்பானிய அலாய் வீல் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் ஷாகென் என்ற கட்டாய வாகனச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள். அதைவிட முக்கியம், லேசான போலி ரிம் வளைந்தோ விரிசல் விட்டோ போகும். இணையத்தில் பாதி விலைக்கு வரும் "டிஇ37 மாதிரி" வீல்களைத் தொடவே வேண்டாம்.

பட்ஜெட் ஒன்றுக்குத்தான் என்றால் டயர் முதலில். செகண்ட் ஹேண்ட் கார் என்பதால் கேட்கிறேன், இப்போதிருக்கும் டயர் எந்த வருடத்தது? பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2317 என்றால் 2017இன் 23வது வாரம். அதைப் பார்த்து கமெண்டில் போடுங்கள், வீல் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம்.