மொய் எழுதிவிட்டு வந்தவருக்கு

அன்புள்ள ஐயா,

உங்களுக்கு இது என் முதல் கடிதம். ஊராட்சி ஒன்றியம் ஒன்றில் பொறியாளராக இருக்கிறேன். வெளியிடுவதானால் பெயரும் ஊரும் வேண்டாம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு கிராமச் சாலை வேலைக்கு எம்-புக்கில், அதாவது பில்லுக்கு ஆதாரமான அளவுப் புத்தகத்தில், கையெழுத்துப் போட மறுத்தேன். எஸ்டிமேட்டில் தார் கனம் 30 மில்லிமீட்டர். மூன்று இடத்தில் கொத்தி இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன். 18, 20, 18. கான்ட்ராக்டர் கோபப்படக்கூட இல்லை. "புதுசா வந்திருக்கீங்களா சார்?" என்று கேட்டார். எனக்கு அப்போது பதினோரு வருட சர்வீஸ்.

அடுத்த மாதமே மாறுதல் உத்தரவு வந்தது. இருநூறு கிலோமீட்டர். எனக்குப் பின்னால் வந்தவர் முதல் வாரத்திலேயே பில்லை பாஸ் பண்ணிவிட்டார். அந்த ஐப்பசி மழையில் சாலை பெயர்ந்தது. ஆக, சாலையும் நிற்கவில்லை.

என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. மகளையும் என் அம்மாவையும் வைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். நான் இங்கே ஒரு மாடி அறையில். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் ஞாயிறு காலை வீடு, மறுபடி ராத்திரி பஸ். இரண்டு வாடகை. "உங்க மனசாட்சிக்கு நான் எதுக்கு வாடகை கட்டணும்?" என்று ஒருநாள் கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை.

போன மாதம் என்னோடு வேலைக்குச் சேர்ந்த நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசம். இரண்டு மாடி, தேக்குக் கதவு. போய் மொய் எழுதிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவ்வளவு கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. 'அறத்தான் வருவதே இன்பம்' என்கிறார் வள்ளுவர். நான் செய்தது சரி என்பதில் இன்றும் சந்தேகம் இல்லை. இன்பம்தான் வரவில்லை. வந்ததெல்லாம் எரிச்சலும் பொறாமையும். அப்படியானால் நான் செய்தது அறமே இல்லையா? அல்லது வள்ளுவர் சும்மா சொன்னாரா?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் நான் நின்றுவிட்ட இடம் அந்த மொய். தேக்குக் கதவு எங்கிருந்து வந்தது என்று மற்றவர்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வரிசையில் நின்று, பேரைச் சொல்லி எழுதி, பந்தியில் பாயசம் வரை உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறீர்கள். போகாமல் இருந்திருந்தால் பொறாமை என்பார்கள். போனதாலும் பொறாமை போகவில்லை. என்ன, வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். நல்லது செய்தவனுக்குச் சந்தோஷம் கிடைக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. "கெட்டவன் நல்லா வாழ்ந்ததா சரித்திரமே இல்லை" என்று டீக்கடையில் சொல்வார்கள். சரித்திரம் பக்கமே போகாதவர்தான் அப்படிச் சொல்ல முடியும். உங்கள் நண்பருக்கு ராத்திரி தூக்கம் வராது, உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருக்கும் என்றெல்லாம் எழுதி உங்களைத் தேற்ற எனக்கு மனமில்லை. நன்றாகவே தூங்குவார். ஏசி வேறு போட்டிருப்பார்.

வள்ளுவருக்கு இது தெரியாமல் இல்லை. பொறாமைப்படாமையைப் பற்றிய அழுக்காறாமை அதிகாரத்தில், உங்கள் பஸ் பயணத்துக்கென்றே எழுதியது மாதிரி ஒரு குறள் இருக்கிறது: 'அவ்விய நெஞ்சத்தான் ஆக்கமும் செவ்வியான் கேடும் நினைக்கப் படும்.' பொறாமைக்காரன் செழிக்கிறான், நேரானவன் கெடுகிறான், இது யோசிக்க வேண்டிய விஷயம் என்கிறார். உரைகாரர்கள் சிலர் இதைப் பழவினையில் கொண்டுபோய் முடித்துவிட்டார்கள். குறளில் அந்தப் பேச்சு இல்லை. 'நினைக்கப்படும்' என்று விட்டுவிட்டார். எனக்கு இந்தக் குறளில் மிகவும் பிடித்தது அந்த விட்டுவிடுதல்தான்.

இப்போது நீங்கள் சொன்ன குறளுக்கு வருகிறேன். 'அறத்தான்' என்பதை நாம் எல்லோரும் 'அறத்தால்' என்று படித்துவிடுகிறோம். அறத்தால் வருவது, அதாவது அறம் போட்டால் இன்பம் விளையும் என்று. பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பரிமேலழகர் அப்படிப் படிக்கவில்லை. 'இல்லறத்தோடு பொருந்தி வருவதே இன்பம்' என்று பொருள் எழுதிவிட்டு, இங்கே 'ஆன்' உருபு உடனிகழ்ச்சிப் பொருளில் வந்தது என்று ஒரு குறிப்பும் போடுகிறார். உடனிகழ்ச்சி என்றால் கூடவே நிகழ்வது. அதற்கு அவர் காட்டும் உதாரணம் புறநானூற்றில் வரும் ஒரு யானை: 'தூங்கு கையான் ஓங்கு நடைய'. துதிக்கை ஆடுவதால் யானை நடப்பதில்லை. யானை நடக்கிறது, துதிக்கையும் கூட ஆடுகிறது.

பரிமேலழகரோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு. இந்த யானைக்காகப் பாதியை விட்டுக்கொடுப்பேன். நீங்கள் கேட்டது கூலி. எம்-புக்கை மூடி வைத்ததற்கு இன்பம் என்று ஒரு பில் பாஸாக வேண்டும் என்று மூன்று வருடமாகக் காத்திருக்கிறீர்கள். இந்த உரைப்படி அந்தக் குறள் கூலியைப் பற்றிப் பேசவே இல்லை. மனிதனுக்கு வரும் இன்பங்களில் எது அறத்தோடு ஒத்துப்போகிறதோ அதைத்தான் இன்பம் என்று கணக்கில் வைப்பேன், மற்றதெல்லாம் புறத்த, வெளியே நிற்கட்டும் என்கிறது. எவ்வளவு வரும், எப்போது வரும், வருமா என்பதெல்லாம் அதில் இல்லை.

சரி, உரையைப் படித்து என்ன செய்ய, ஆளைக் காட்டு என்பீர்கள். ஓர் ஆளைப் பற்றிச் சொல்கிறேன்.

1968 மார்ச் 16. வியட்நாமில் மை லாய் கிராமம். அமெரிக்கப் படையினர் காலையில் ஊருக்குள் புகுந்து பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் என்று பார்க்காமல் சுட்டுத் தள்ளினார்கள். வியட்நாம் கணக்கில் இறந்தவர்கள் 504 பேர். அன்று மேலே சிறிய வேவு ஹெலிகாப்டரில் பறந்துகொண்டிருந்தவர் ஹியூ தாம்ஸன். வயது 24. கூட இருந்த இருவரில் லாரன்ஸ் கோல்பர்னுக்கு 18, க்ளென் ஆண்ட்ரியோட்டாவுக்கு 20. கீழே நடப்பது என்னவென்று புரிந்ததும், ஒரு பதுங்குகுழியில் ஒளிந்திருந்த கிராமத்து ஜனங்களுக்கும் அவர்களை நோக்கி வந்துகொண்டிருந்த சொந்தப் படையினருக்கும் நடுவில் தாம்ஸன் ஹெலிகாப்டரை இறக்கினார். நம் ஆட்கள் இந்த ஜனங்களைச் சுட்டால் நீங்கள் அவர்களைச் சுடுங்கள் என்று தன் இரு துணைவர்களிடமும் சொல்லிவிட்டுத் தனியாக இறங்கிப்போனார். ஏறத்தாழ பத்துப் பேரை வெளியே வரவைத்து, வேறு ஹெலிகாப்டர்களை வரச் சொல்லி ஏற்றி அனுப்பினார். அப்புறம் பிணங்கள் நிரம்பிய வாய்க்காலில் ஏதோ அசைவதைப் பார்த்து ஆண்ட்ரியோட்டா உள்ளே இறங்கி ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தையின் உடம்பெல்லாம் ரத்தம், ஆனால் எதுவும் அதனுடையது இல்லை. ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

மூன்று வாரத்தில் ஆண்ட்ரியோட்டா போரில் செத்துப்போனார். தாம்ஸன் மேலிடத்தில் புகார் சொன்னார், மூடி மறைத்தார்கள். விஷயம் வெளியே வந்து அவர் சாட்சி சொன்னபோது நாடாளுமன்றத்தில் ஒரு பெரிய மனிதர், தண்டிக்க வேண்டியது இந்தத் தாம்ஸனைத்தான் என்கிற அளவுக்குப் போனார். ஊருக்குத் திரும்பினால் போனில் கொலை மிரட்டல். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் வெட்டிப்போட்ட பிராணிகள். கெட்ட கனவு, குடி, முறிந்த மணவாழ்க்கை. ராணுவம் அவருக்கு உரிய பதக்கத்தைக் கொடுத்தது 1998இல், முப்பது வருடம் கழித்து.

இன்னொரு பக்கம் வில்லியம் கேலி. அன்று அங்கே சுட்ட அதிகாரி. 22 கொலைகளுக்காக 1971இல் ஆயுள் தண்டனை. அதிபர் நிக்ஸன் தலையிட்டு அவரைச் சிறையிலிருந்து வீட்டுக்காவலுக்கு மாற்றினார். சில வருடத்தில் வெளியே வந்து, கல்யாணம் செய்துகொண்டு, மாமனாரின் நகைக்கடையில் உட்கார்ந்துவிட்டார். தேக்குக் கதவு இருந்ததா என்று தெரியாது. 80 வயது வரை இருந்தார். தாம்ஸன் 62 வயதில் புற்றுநோயில் போனார்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு யாராவது 'நல்லவனே இன்பமாக இருப்பான்' என்று எழுதினால் அந்த ஆளை நம்பாதீர்கள்.

ஆனால் நான் தாம்ஸனை இழுத்தது இதற்காக இல்லை. 1998இல் அவரும் கோல்பர்னும் மை லாய்க்குத் திரும்பிப் போனார்கள். அன்று பிழைத்த ஒரு பெண் அவரிடம் வந்து, "இதைச் செய்தவர்கள் ஏன் உங்களோடு வரவில்லை?" என்று கேட்டார். தாம்ஸன் நிலைகுலைந்துவிட்டார். அந்தப் பெண் இன்னும் முடிக்கவில்லை. வந்திருந்தால் அவர்களை மன்னித்திருக்கலாமே என்றார். பின்னாளில் ஒரு மேடையில் இதைச் சொன்ன தாம்ஸன், மன்னிக்கிற அளவுக்கு நான் ஆள் இல்லை, பொய் சொல்ல மாட்டேன் என்று ஒத்துக்கொண்டார். முப்பத்தைந்து வருடம் கழித்தும் அவருக்குக் கோபம் ஆறவில்லை. அந்தக் கோபத்தால் அன்று ஹெலிகாப்டரை இறக்கியது தப்பாகிவிடுமா?

உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில் இதுதான். நல்ல காரியம் செய்தால் மனசு கங்கையாகிவிடும் என்று யாரோ நம் தலையில் ஏற்றிவிட்டார்கள். எரிச்சலும் பொறாமையும் வந்ததும், அப்படியானால் நான் நல்லவன் இல்லையோ, செய்தது நல்லது இல்லையோ என்று குழம்புகிறீர்கள். நஷ்டப்பட்டவனுக்கு எரிச்சல் வரும். 18 மில்லிமீட்டர் 18 மில்லிமீட்டர்தான். நீங்கள் சிரித்துக்கொண்டே அளந்தீர்களா பல்லைக் கடித்துக்கொண்டு அளந்தீர்களா என்று ஸ்கேலுக்குத் தெரியாது.

அந்தக் கூடவே ஆடும் துதிக்கை எங்கே என்பீர்கள். அதற்கு நான் என் கதையைச் சொல்லியாக வேண்டும். இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

எனக்கு 25 வயதில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தர் வேலை. ஒரு சரக்கு இருப்புக் கணக்கெடுப்பில் சர்க்கரை ஏழு மூட்டை குறைந்தது. எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். இரவுக் காவலாளி மேல் எழுதினார்கள். நான் ஸ்டாக் ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டேன். யாரும் மிரட்டவில்லை, பணம் தரவில்லை. பேனாவை நீட்டினார்கள், வாங்கிக்கொண்டேன். அந்த ஆள் மறுநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனதைப் பார்த்தேன். கேரியரில் ஒரு தூக்குச்சட்டி கட்டியிருந்தது. மூடி சரியாகப் பொருந்தாமல் கேட் வரை கடகடவென்று சத்தம்.

இதனால் என் வாழ்க்கை பாழாகிவிட்டது என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும், ஆனால் பொய். அடுத்த வருடம் பதவி உயர்வு, அதற்கடுத்த வருடம் கல்யாணம். சந்தோஷமாகவே இருந்தேன். எப்போதாவது தூக்குச்சட்டிச் சத்தம் கேட்டால் ஞாபகம் வரும், கொஞ்ச நேரம் இருக்கும், போய்விடும்.

ஒன்றே ஒன்று. என் மகள் சின்ன வயதில் "அப்பா, உங்க ஆபீஸ் கதை சொல்லுங்க" என்பாள். நிறையச் சொல்வேன். எலி பிடித்த கதை, மேனேஜர் வேட்டி அவிழ்ந்த கதை. அந்த வருடம் வந்ததும் தாண்டிப் போய்விடுவேன். அவளுக்கு இப்போது நாற்பது வயது. இன்னும் தாண்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்தக் கட்டுரையைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள். உங்களுக்குத் தாண்ட வேண்டிய வருடம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல்தான் வீட்டில் என்றாலும் முழுசாக இருக்க முடியும். அது பெரிய இன்பமா என்றால், இரண்டு வாடகைக்கு ஈடாகாது. நான் கொடுக்க முடிந்த கணக்கு அவ்வளவுதான்.

உங்கள் மனைவி கேட்டதற்கு வருகிறேன். அவர் கேட்டது நியாயம். முடிவு உங்களுடையது, விலையில் பாதி அவருடையது, ஆனால் அவரைக் கேட்டுக்கொண்டு நீங்கள் ஸ்கேலை எடுக்கவில்லை. நேர்மையானவர்களிடம் நான் பார்த்த ஒரு கோளாறு இது. தண்டனையைக் கௌரவமாக எடுத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுவார்கள். விண்ணப்பம் எழுதுவதும் சங்கத்துக்குப் போவதும் கெஞ்சுவதாகத் தோன்றும். மூன்று வருடத்தில் எத்தனை முறை விருப்ப மாறுதல் கேட்டு எழுதினீர்கள்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒருவேளை ஒருமுறைகூட இல்லையோ என்று சந்தேகம். ஆசிரியர் கலந்தாய்வில் கணவன் மனைவி முன்னுரிமை இருக்கிறது, இருவர் சம்மதித்து இடம் மாற்றிக்கொள்ளும் மனமொத்த மாறுதல் இருக்கிறது. அவர் உங்கள் பக்கம் வர விரும்புகிறாரா, நீங்கள் அங்கே போவதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். சாலைக்காகக் கையெழுத்துப் போட மறுத்த அதே உறுதியோடு அந்த விண்ணப்பத்தையும் எழுதுங்கள்.

பேசிவிட்டு எனக்கு ஒரு வரி போடுங்கள். அப்படியே மொய் எவ்வளவு எழுதினீர்கள் என்பதையும். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்.

அன்புடன்