மூன்று மாத்திரைக்குப் பயம், வாரம் ஒரு ஊசிக்கு இல்லையா?

கேள்வி: எனக்கு வயது 31, கணவருக்கு 34. மாமியாரோடு செம்பூரில் ஒரு ரூம், கிச்சன் வீட்டில் இருக்கிறோம். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது, 14 மாதமாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். எனக்கு மாதவிலக்கு 28, 29 நாளுக்கு ஒருமுறை சரியாக வருகிறது. உறவுக்குப் பிறகு விந்து வழிந்துவிடுகிறது. காலைச் சுவரில் தூக்கி வைத்துப் படுத்தும் பயனில்லை. ஆப் சொல்லும் நாளில்தான் சேர்கிறோம். பப்பாளியை அறவே விட்டுவிட்டேன். ஏ.எம்.எச். என்ற இரத்தப் பரிசோதனை 2.1 என்று வந்திருக்கிறது, குறைவா? கல்யாணமான புதிதில் அவசரக் கருத்தடை மாத்திரை மூன்று தடவை போட்டுக்கொண்டேன். அதனால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று நெட்டில் போட்டிருக்கிறது. மாமியாருக்கு இது தெரியாது. தோழிக்குப் பலன் கொடுத்த க்ளோமிஃபீன் மாத்திரையை வாங்கி வைத்திருக்கிறேன், சாப்பிடலாமா? கணவருக்குக் குறை ஒன்றும் இல்லை. ஒன்றரை வருடமாக ஜிம் போகிறார், டிரெய்னர் தரும் ஊசியை வாரம் ஒன்று போட்டுக்கொள்கிறார், ஆள் நல்ல திடமாக இருக்கிறார்.

– வாசகி, மும்பை

பதில்: கெடவில்லை. உங்கள் கடிதத்தில் இத்தனை கேள்விகள் இருந்தாலும், ராத்திரி தூங்கவிடாமல் செய்வது அந்த மூன்று மாத்திரைதான் என்று தெரிகிறது. அதனால் முதலில் அதை முடித்துவிடுகிறேன்.

நீங்கள் போட்டதில் இருப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன், 1.5 மில்லிகிராம். கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுவதுதான் அதன் வேலை. சில நாளில் உடம்பைவிட்டுப் போய்விடும். அந்த மாத மாதவிலக்கு முன்னே பின்னே ஆகலாம், நடுவில் கொஞ்சம் இரத்தம் படலாம். அதோடு சரி. கர்ப்பப்பையில் தங்கிப் புண்ணாக்குவது, கருக்குழாயை அடைப்பது, மூன்று வருடம் கழித்துக் கருத்தரிக்கவிடாமல் செய்வது எதுவும் அதற்குத் தெரியாது. கருவைக் கலைக்கும் மாத்திரை வேறு. அதை மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் போட்டு, அரைகுறையாகக் கலைந்து, உள்ளே தொற்று ஏற்பட்டால் கருக்குழாய் பாதிக்கப்படலாம். நெட்டில் எழுதுகிறவர்கள் இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டிவிடுகிறார்கள். நீங்கள் போட்டது முதல் வகை. மாமியாருக்குத் தெரியவேண்டிய அவசியமும் இல்லை, அது உங்கள் இருவர் விஷயம்.

அடுத்து, கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ஊசி. இந்தக் கடிதத்தில் எனக்குக் கவலை தரும் ஒரே விஷயம் அதுதான்.

ஜிம்மில் உடம்பு ஏற்றுவதற்காக வாரா வாரம் போடும் ஊசி என்றால் பெரும்பாலும் அது ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன், அல்லது அதன் உறவுக்கார ஸ்டீராய்டு ஏதாவது ஒன்று. டிரெய்னர் அதை ‘வைட்டமின்’ என்றோ ‘ரெகவரி’ என்றோ சொல்லியிருப்பார். உண்மையிலேயே வைட்டமினாக இருந்தால் எனக்கும் சந்தோஷம்தான். குப்பியின் லேபிளை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டெஸ்டோஸ்டிரோன், நான்ட்ரோலோன், ஸ்டானசொலால் என்று ஏதாவது அச்சிட்டிருந்தால் மேற்கொண்டு படியுங்கள். லேபிளே இல்லாத குப்பி என்றால் கட்டாயம் படியுங்கள்.

ஆணின் விதைகள் தாமாக வேலை செய்வதில்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்பி அவற்றை வேலை வாங்குகிறது. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் கொட்டினால் ‘சரக்கு நிறைய இருக்கிறது’ என்று எண்ணிப் பிட்யூட்டரி அந்த இரண்டையும் நிறுத்திவிடும். விந்தணு உருவாக விதைக்குள்ளேயே டெஸ்டோஸ்டிரோன் மிக அதிக அளவில், இரத்தத்தில் இருப்பதைப்போல் பல மடங்கு, இருந்தாகவேண்டும். ஊசி இரத்தத்தில்தான் அளவை ஏற்றும், விதைக்குள்ளே அளவு சரிந்துவிடும். உற்பத்தி குறைந்து, பலருக்கு விந்தணு எண்ணிக்கை பூஜ்யத்துக்கே வந்துவிடும்.

இது யாரோ யூடியூபில் சொன்னது இல்லை. உலக சுகாதார நிறுவனம் வாரம் ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே பல நாடுகளில் சோதித்துப் பார்த்து, 1990-லும் 1996-லும் முடிவுகளை வெளியிட்டது. நன்றாகவே வேலை செய்தது. புரிகிறதா? என்றோ போட்ட மூன்று மாத்திரையை நினைத்து நீங்கள் அழுதுகொண்டிருக்கும்போது, வீட்டில் வாரா வாரம் கருத்தடை நடந்துகொண்டிருக்கலாம். ஒன்றரை வருடமாக ஊசி, 14 மாதமாக முயற்சி. கணக்கும் இடிக்கவில்லை.

‘ஆள் திடமாக இருக்கிறாரே, விந்தும் வருகிறதே’ என்பீர்கள். விந்துத் திரவத்தில் மிகப் பெரும் பகுதி புராஸ்டேட்டிலிருந்தும் அதை ஒட்டிய பைகளிலிருந்தும் வருவது. விந்தணுவின் பங்கு அதில் மிகக் கொஞ்சம். அணு ஒன்றுகூட இல்லாவிட்டாலும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆசையும் குறையாது, ஊசி ஓடும் வரை கூடத்தான் செய்யும். கவனித்தால் விதைகள் சற்றுச் சுருங்கியிருக்கும், முதுகில் பரு வந்திருக்கும், சிலருக்கு மார்புக்காம்பின் அடியில் கட்டிபோல் வீங்கும். இதையெல்லாம் நீங்கள் வீட்டில் ஆராயவேண்டாம், பரிசோதனையே சொல்லிவிடும்.

அவருக்கு முதலில் தேவை விந்துப் பரிசோதனை. இரண்டு முதல் ஏழு நாள் உறவோ சுயஇன்பமோ இல்லாமல் இருந்துவிட்டு மாதிரி கொடுக்கவேண்டும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள், உடல்சூடு ஆறாமல் லேபுக்குப் போய்ச்சேரவேண்டும். கிழக்கு எக்ஸ்பிரஸ் ஹைவேயில் மாட்டிக்கொண்டால் அது நடக்காது, லேபிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அளவுகோலின்படி ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி அணுக்கள் என்பது கீழ் எல்லை. அதற்குக் கொஞ்சம் கீழே வந்தாலும் குழந்தை பிறக்காது என்று அர்த்தமில்லை. கூடவே காலையில் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன், எல்.எச்., எஃப்.எஸ்.எச். பார்க்கவேண்டும். டெஸ்டோஸ்டிரோன் ஏறியும் எல்.எச். கிட்டத்தட்ட இல்லாமலும் வந்தால் ஊசியின் கைவரிசை தெரிந்துவிடும்.

பரேல் கே.இ.எம். மருத்துவமனையில் 1986-லேயே சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்த ஊர் இது. அதே ஊரில் இன்றைக்கும் ஒரு சின்ன டப்பாவில் மாதிரி கொடுக்கச் சொன்னால் பாதி ஆண்களுக்கு அன்றைக்குத்தான் ஆபீசில் அவசர மீட்டிங் வரும். அதற்குள் மனைவிக்கு இரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எல்லாம் முடிந்திருக்கும். குழந்தை தள்ளிப்போகும் தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப்பேரிடம் ஆணின் பக்கமும் காரணம் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு வலி கிடையாது, செலவும் பெரும்பாலும் உங்கள் ஏ.எம்.எச். பரிசோதனைக்கு ஆனதைவிடக் குறைவு. ஆகவே அவருடைய ரிப்போர்ட் கைக்கு வரும்வரை யாராவது உங்களை எக்ஸ்ரே மேசையில் ஏறச் சொன்னால், முதலில் இதைப் பார்த்துவிடலாம் என்று சொல்லுங்கள்.

ஊசியை நிறுத்தவேண்டும். ஆனால் ‘இன்றோடு விட்டேன்’ என்று தானாக நிறுத்திவிட்டு வீட்டில் உட்காரவேண்டாம். சொந்தச் சுரப்பு திரும்பி வரும்வரை சில மாதம் உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் மிகவும் இறங்கியிருக்கும். சோர்வு, எரிச்சல், ஆசையின்மை வரும், சிலருக்கு மனச்சோர்வு மோசமாகிவிடும். அந்த நேரத்தில்தான் பலர் மறுபடி டிரெய்னரிடமே போகிறார்கள், அவரும் ‘இதைப் போட்டால் எல்லாம் திரும்பிவிடும்’ என்று இன்னொரு செட் மாத்திரை கொடுக்கிறார். தயவுசெய்து வேண்டாம். யூராலஜி அல்லது ஆண் மலட்டுத்தன்மை பார்க்கும் மருத்துவரிடம் குப்பியோடு போகட்டும். எவ்வளவு, எத்தனை நாளாக என்பதை மறைக்காமல் சொல்லட்டும். போலீசுக்கெல்லாம் சொல்லமாட்டோம். ஒரு விந்தணு உருவாகவே இரண்டரை மாதம் போல ஆகும். பெரும்பாலோருக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் எண்ணிக்கை திரும்புகிறது, சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம், சிலருக்கு மருந்து தேவைப்படும். புரோட்டீன் பவுடரைக் கேட்பீர்கள்: பாலில் எடுத்த சாதாரண வே புரோட்டீனோடு எனக்குச் சண்டை இல்லை.

அவரிடம் எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம். ‘உங்களால்தான்’ என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவருக்கும் இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஜிம்மில் இதை எழுதி ஒட்டுவதில்லை. ரிப்போர்ட் எப்படி வந்தாலும் அதைக் கூடத்தில் வைத்துப் படிக்கவேண்டாம்.

மீதிக் கேள்விகளுக்கு இத்தனை இடம் தேவையில்லை. விந்து வழிவது எல்லாருக்கும் வழிவதுதான். உள்ளே போகவேண்டிய அணுக்கள் சில நிமிடத்திலேயே கர்ப்பப்பை வாயின் சளிக்குள் நுழைந்துவிடும். சுவரில் கால் வைப்பதால் சுவர்தான் அழுக்காகும். பப்பாளிப் பழத்தைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். 31 வயதில் ஏ.எம்.எச். 2.1 நல்ல அளவு. அது சினைப்பையில் கருமுட்டை இருப்பைத் தோராயமாகக் காட்டுமே தவிர, இயற்கையாகக் கருத்தரிப்பீர்களா என்று ஜோசியம் சொல்லாது. யாரும் கேட்காமல் ஆபர் போட்டு விற்கும் பேக்கேஜில் அதைச் சேர்த்திருப்பது வியாபாரம்.

ஆப் ஒரு காலண்டர், அதற்கு உங்கள் சினைப்பை தெரியாது. வெளிவந்த கருமுட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். ஆனால் விந்தணு உள்ளே ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். ஆகவே கருமுட்டை வருவதற்கு முந்தைய நாட்கள்தான் முக்கியம். உங்கள் சுற்றுக்கு மாதவிலக்கு தொடங்கி 9-ஆம் நாளிலிருந்து 17-ஆம் நாள்வரை ஒன்றுவிட்டு ஒருநாள் சேர்ந்தால் போதும். கடைசி லோக்கலில் வந்து இறங்கும் மனிதரை ‘இன்றைக்குத்தான் நாள்’ என்று விரட்டவேண்டிய அவசியம் இல்லை. ஒரு ரூம் வீட்டில் மாமியார் இருமும் சத்தத்துக்கு நடுவே இது சுலபமில்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வாரத்தில் இரண்டு நாள் அவரை உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்ப வழியிருந்தால் அனுப்புங்கள், எந்த மாத்திரையைவிடவும் அது பயன்படும்.

க்ளோமிஃபீனைத் தூக்கிப் போடுங்கள். கருமுட்டை சரியாக வராதவர்களுக்கு வரவைப்பதற்கான மருந்து அது. மாதாமாதம் ஒழுங்காக மாதவிலக்கு வரும் உங்களுக்குப் பெரும்பாலும் முட்டை வந்துகொண்டுதான் இருக்கிறது. ஸ்கேன் இல்லாமல் போட்டால் சினைப்பையில் நீர்க்கட்டி, இரட்டைக் கர்ப்பம் என்று வேறு வம்பு. தோழிக்கு எதற்குக் கொடுத்தார்கள் என்பதை அவளுடைய டாக்டரைத்தான் கேட்கவேண்டும்.

நீங்கள் போடவேண்டியது ஃபோலிக் அமிலம், தினம் 400 மைக்ரோகிராம், இன்றே ஆரம்பியுங்கள். சர்க்கரை நோய் இருந்தாலோ, வலிப்பு மாத்திரை சாப்பிட்டாலோ அளவு கூடும், அப்போது டாக்டரைக் கேளுங்கள். கர்ப்பமாகும் முன் ரூபெல்லா எதிர்ப்பு இருக்கிறதா, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் உண்டா என்றும் ஒரு தடவை பார்த்துவிடலாம். சின்ன வயதில் எப்போதாவது டி.பி.க்கு மருந்து சாப்பிட்டிருந்தால் மட்டும் அதை மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். நம் நாட்டில் கருக்குழாய் அடைப்புக்கு அது முக்கியக் காரணம்.

ஒருவேளை அவருடைய ரிப்போர்ட்டில் ‘அணுக்கள் இல்லை’ என்றே வந்தால், அதைக் கையில் வைத்துக்கொண்டு சோதனைக்குழாய்க் குழந்தைக்கான ஐ.வி.எஃப். சென்டருக்கு ஓடவேண்டாம். ஊசி போட்ட விஷயத்தைக் கேட்காமலேயே அடுத்த மாதம் ஐ.வி.எஃப்., தானமாகப் பெற்ற விந்து என்று பேசத் தொடங்கும் இடமாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசியால் வந்த பூஜ்யம் பெரும்பாலும் திரும்பிவிடக்கூடியது. உங்களுக்கு 31 வயதுதான், ஊசியை நிறுத்தி மூன்று மாதம் கழித்து இரண்டாவது ரிப்போர்ட் எடுத்துப் பார்க்க அவகாசம் இருக்கிறது.