கணவரை இழந்தவளுக்கு விசுவாசமும் சபையும் உண்மையில் ஆறுதல் தருமா?

தங்கச்சி, கணவர் போய் ஆறு மாதமாகியும் ஜெபிக்க வாய் வரவில்லை, இது பாவமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாவமே இல்லை. எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் வரவில்லை.

நான் இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிறவள். 2018இல் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போன இடத்தில் குளவி கொட்டி அவர் இறந்துவிட்டார். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு நாலு. சாவு வீட்டில் "கர்த்தருடைய சித்தம்" என்று சொன்னவர்களின் முகத்தை ரொம்ப நாள் பார்க்கவே பிடிக்கவில்லை.

அப்போது எங்கள் சபைப் பெரியம்மா ஒருவர், வேலை விட்டதும் கொழுந்துக் கூடையோடு நேரே எங்கள் லயத்து வீட்டுக்கு வருவார். கூடையை வாசல் இஸ்தோப்பில் வைத்துவிட்டு மாப் பிசைந்து ரொட்டி சுடுவார், சம்பல் அரைப்பார், பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வசனம் சொல்லமாட்டார், ஒன்றும் கேட்கவும்மாட்டார். அவரும் சின்ன வயதிலேயே தாலியை இழந்தவர் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அவர் கூப்பிட்டுத்தான் பெண்கள் ஐக்கியத்துக்குப் போனேன். அன்று வேதாகமத்தில் 1 இராஜாக்கள் 17, பஞ்ச காலத்தில் எலியா தீர்க்கதரிசி போய்த் தங்கிய சாறிபாத் விதவையின் கதை. பானையில் மா குறையாத பகுதியைத்தான் எல்லோரும் பிரசங்கிப்பார்கள். பெரியம்மா அங்கே நிறுத்தாமல் மேலே வாசித்தார். மகன் செத்ததும் அந்தத் தாய் எலியாவிடம் சண்டைக்குப் போகிறாள், என் பிள்ளையைச் சாகடிக்கவா வந்தீர் என்று. எலியா அவளைக் கண்டிக்கவில்லை. பிள்ளையை அவள் மடியிலிருந்து வாங்கி மேல்வீட்டுக்குக் கொண்டுபோய், அவள் கேட்டதையே தானும் கடவுளிடம் கேட்கிறார்.

அன்றிரவு ஜெபித்தேன். முழுக்கச் சண்டைதான். விடியும்போது நெஞ்சு கொஞ்சம் இளகியிருந்தது. அந்தச் சாறிபாத் தாயின் மகன் உயிரோடு எழுந்தான், என் கணவர் எழவில்லை. அது இன்னும் வலிக்கிறது. ஆனால் உயிர்த்த ஞாயிறு விடியலில் மெழுகுவர்த்தியோடு அவர் குழியருகே நிற்கும்போது, அவரைத் திரும்பப் பார்ப்பேன் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒன்று சொல்கிறேன், தூக்கம் வராவிட்டால் டாக்டரிடம் போங்கள். நானும் போனேன், அது விசுவாசக் குறைவு இல்லை. அவருடைய ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு எடுக்கப் படிவம் நிரப்பத் தெரியாமல் நின்றபோது, சபையில் படித்த ஒரு பிள்ளைதான் ஹட்டனுக்குக் கூடவே வந்து முடித்துக் கொடுத்தது. உதவி கேட்க வெட்கப்படாதீர்கள்.

போன வருஷம் சபையில் ஒரு கல்யாணம். எங்கள் பக்கம் தாலி இழந்தவளை நல்ல காரியத்தில் முன்னுக்கு விடமாட்டார்கள், நானும் பழக்கத்தில் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் அம்மா நேரே வந்து தாலித் தட்டை என் கையில் கொடுத்து, "நீ கொண்டு வா பிள்ளை" என்றார். கை நடுங்க நடுங்க, பீடம் வரைக்கும் கொண்டுபோனேன்.