கிஷோ குரோகாவா ஸ்டைல்ல அப்படி என்ன ஸ்பெஷல்?

1934ல நகோயா பக்கம் பிறந்த ஜப்பான் ஆர்க்கிடெக்ட் இவர், டோக்கியோல கென்ஸோ டாங்கேங்கற பெரிய ஆர்க்கிடெக்ட்கிட்ட படிச்சார், 1960ல 26 வயசுலயே மெட்டபாலிசம்ங்கற ஆர்க்கிடெக்ட் குரூப்ல ஒருத்தரா நின்னு கட்டடமும் உயிர் மாதிரி வளரணும், பழசு உதிர்ந்து புதுசு முளைக்கணும்னு சொன்னார். அதை நிஜமாவே செஞ்சு காட்டினதுதான் 1972ல டோக்கியோல வந்த நகாகின் கேப்சூல் டவர்: ரெண்டு கான்கிரீட் கோபுரம், அதுல 140 குட்டி ரூம், ஒவ்வொண்ணும் நாலே போல்ட்ல நிக்கும், வட்ட ஜன்னல் வேற, பாக்க வாஷிங் மெஷினை அடுக்கி வெச்ச மாதிரியே இருக்கும் (எனக்கு அதான் பிடிச்சதே). 25 வருஷத்துக்கு ஒருதடவை கழட்டி மாத்தணும்னு பிளான், ஆனா ஒண்ணைக்கூட மாத்தல, மேல இருக்கறதை எடுக்காம கீழ இருக்கறதை உருவ முடியாதுல்ல, கடைசில 2022ல பிரிச்சுட்டாங்க. கோலாலம்பூர் ஏர்போர்ட்டும் இவர் டிசைன்தான், 1998ல திறந்தது, உள்ள நடுவுல ஒரு மழைக்காட்டையே நட்டு வெச்சிருக்கார் மனுஷன்.